பேங்காக் போய் வந்த தேசிங்கு மாமாவின் இருதயம்

பிள்ளைகளே, நாங்கள் விமானம் ஏறுவதற்கு முந்தைய நாளே எங்களுக்கு வரவேற்பு பேனர் கட்டிவிட்டார்கள். போனவன் திரும்பி வந்த பிறகு வரவேற்பதுதான் உலக வழக்கம். காசிமேட்டில் அவ்வளவு நேரம் காத்திருக்கிற பொறுமை யாருக்கும் கிடையாது.

தெருமுனையில் மின்கம்பத்துக்கும் கேரம் கிளப்பின் தகரக் கூரைக்கும் நடுவே அது தொங்கியது. ஒரு பக்கம் விமானம், ஒரு பக்கம் சிங்கம், நடுவில் பூ வளையத்துக்குள் கைகூப்பி நிற்கும் உங்கள் தேசிங்கு மாமா. கீழே, 'புது இருதயத்தோடு தாயகம் திரும்பும் எங்கள் அண்ணனை வரவேற்கிறோம்'. அதற்கும் கீழே தபால்தலை அளவில் கிளப் ஆட்கள் அத்தனை பேரின் படமும். எல்லோருக்கும் கறுப்புக் கண்ணாடி. என் படமும் இருந்தது. படத்துக்கு அடியில் பெயர் மட்டும் வேறு யாருடையதோ.

தேசிங்கு உங்கள் அம்மாவுக்கு அண்ணன், எனக்கு மச்சான். காசிமேட்டில் மீன் ஏலம் கூவுகிறவர். முன்பெல்லாம் அவர் வஞ்சிரத்துக்கு விலை சொன்னால் ராயபுரம் மேம்பாலத்தில் போகிற பஸ்ஸில் தூங்குகிறவன் எழுந்து உட்காருவான் என்பார்கள். போன வருடம் மாரடைப்பு வந்தது. பிழைத்துக்கொண்டார். ஆனால் 'வஞ்சிரம்' என்று ஆரம்பித்தால் விலைக்கு வருவதற்குள் மூச்சு வாங்குகிறது. மீன் அதுவரை காத்திருக்கும், வியாபாரி காத்திருக்கமாட்டான். குரல் போனால் இடமும் போகும். கையில் மைக்கோடு ஒரு இளவட்டம் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே சுற்றிவருகிறான் என்று மச்சான் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

இருதயம் என்பது படத்தில் வரைவதுபோல் அம்பு குத்திய வெற்றிலை அல்ல. அது ஒரு தசை, அவரவர் கைமுஷ்டி அளவு. அதற்கே ரத்தம் கொண்டுபோகிற குழாய் அடைத்துக்கொண்டால் அந்தப் பக்கத்துத் தசை செத்துவிடும். முட்டியில் சிராய்த்தால் புதுத் தோல் வருகிறது அல்லவா? இருதயத்தில் அப்படி வராது. தழும்புதான் வரும். லாரி டியூபில் ஒட்டிய பேட்ச் மாதிரி: காற்றை வெளியே விடாது, ஆனால் மற்ற இடம் விரிகிறபோது கூட விரியாது.

ஸ்டெம் செல் என்பது உங்களை மாதிரி. பெரியவனானால் என்னவாகப் போகிறாய் என்று கேட்டால் நீங்கள் முழிப்பீர்களே, அதுபோல இன்னும் எதுவாகவும் ஆகாத செல். தசையாகலாம், ரத்தமாகலாம், எலும்பாகலாம். அதைக் கொண்டுபோய் செத்த இடத்தில் விட்டால் புதுத் தசை முளைக்குமா என்று உலகம் முழுக்க ஆராய்கிறார்கள். எங்கள் பக்கத்து அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா இதையெல்லாம் மச்சானுக்குப் பொறுமையாகச் சொன்னார். "போடுற செல்லுல முக்கால்வாசி அங்க தங்கறதே இல்ல. இருதயத் தசையை வெளியில வளர்த்து ஒட்டிப் பார்க்கறாங்க. வரலாம், ஒரு நாள் வரும். ஆனா இன்னிக்கு அது கடைல கிடைக்கற சரக்கு இல்ல. கிடைக்குதுன்னு எவனாவது சொன்னா ஓடி வந்துடுங்க. காய்ச்சல், ரத்தக்கட்டி, என்ன வேணா வரலாம். இப்போதைக்கு மாத்திரை, நடை, உப்பைக் குறைங்க."

"உப்பைக் குறைக்கச் சொல்றாங்கன்னா அவங்க கையில வேற மருந்து இல்லன்னு அர்த்தம்" என்றார் மச்சான். கருவாட்டை விடுவதைவிட இருதயத்தை மாற்றுவது அவருக்குச் சுலபமாகத் தெரிந்தது. பேங்காக்கில் ஒரு மருத்துவமனை ஊசியில் சரி செய்கிறது என்று போனில் ஒரு வீடியோ வந்தது. புறப்பட்டுவிட்டார்.

துணைக்கு நான். எண்ணூர் பக்கம் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவன், தினமும் துறைமுகத்துக்குள் போய் வருகிறவன், அதனால் எனக்கு வெளிநாட்டு விவரம் தெரியும் என்று மச்சானின் மனைவி, உங்கள் கன்னியம்மா அத்தை, நம்பினார். நான் பார்த்த வெளிநாடெல்லாம் பூட்டி சீல் வைத்த பெட்டிக்குள் இருந்தது.

முதல் நாள். பேங்காக் விமான நிலையத்தில் மச்சானின் பையை ஒரு பெண் அதிகாரி திறந்தார். வேட்டிக்குள் சுருட்டி, அதற்குள் லுங்கியில் சுருட்டி, நெத்திலிக் கருவாடு. அந்தம்மா மோந்து பார்த்தார். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு அவருக்கும் மோக்கக் கொடுத்தார். இருவரும் ரசித்த மாதிரிதான் இருந்தது. ரசித்துவிட்டுக் குப்பைத்தொட்டியில் போட்டார்கள். டாக்டரம்மா சொன்னதை மச்சான் கேட்கவில்லை. ஓர் அயல்நாட்டு அரசாங்கம் தலையிட்டு நிறைவேற்ற வேண்டியிருந்தது.

டாக்சி ரோஜா நிறம். சாலை முழுக்க வண்டி, மாதவரம் ரவுண்டானா மாதிரி நெரிசல். ஆனால் ஒருவனும் ஹாரன் அடிக்கவில்லை. "இன்னா மாப்ள, ஊரு பூரா ஹாரன் ரிப்பேரா?" என்றார் மச்சான். எனக்குக் கூச்சமாகிவிட்டது. துறைமுகத்து வரிசையில் முன்னால் நிற்கும் லாரி நகரவே முடியாது என்று தெரிந்தும் அடித்துக்கொண்டே இருப்பவன் நான்.

சாப்பாட்டுக்குத் தெருக்கடை. கிண்ணத்தில் நூடுல்ஸ், மேலே மீன் உருண்டை, பக்கத்தில் நாலு டப்பா: மிளகாய்த்தூள், புளிப்பு, சர்க்கரை, மீனை ஊறவைத்து வடித்த உப்புத் தண்ணீர். மச்சான் நாலாவது டப்பாவை மோந்தார். முகத்தில் அப்படியொரு வெளிச்சம். கருவாட்டைத்தானே பிடுங்கினார்கள், இங்கே அதைச் சாறாகவே மேசைக்கு மேசை வைத்திருக்கிறார்கள். நான் டப்பாவை எடுத்து அடுத்த மேசைக்கு மாற்றினேன். அந்த மேசையில் உட்கார்ந்திருந்தவர் நன்றி சொன்னார்.

கடைவாசலில் கம்பத்தின்மேல் பொம்மை வீடு மாதிரி ஒரு சின்னக் கோயில். உள்ளே சாமிக்குச் சிவப்புக் கலர் சோடா பாட்டில், ஸ்ட்ரா போட்டு. "நம்மாளு முனீஸ்வரன் சுருட்டு புடிக்கிறாரு, இவரு கலர் குடிக்கிறாரு. ரெண்டு பேரும் தோஸ்தா இருப்பாங்க" என்று மச்சான் கும்பிட்டார். கும்பிட்ட கையை எடுக்க நேரமாயிற்று. என்ன வேண்டிக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை.

இரண்டாம் நாள். மருத்துவமனை அனுப்பிய மொழிபெயர்ப்பாளர் வந்தாள். பெயர் புனிதா, மலேசியத் தமிழ்ப் பெண், எங்களைப் பார்த்ததும் "அங்கிள், ரோட்ல ஜாம் லா, போட்ல போய்டலாம்" என்றாள். போட் ஓடுவது ஊருக்குள் ஒரு கால்வாயில். மோந்ததும் எனக்குச் சொந்த ஊர் ஞாபகம் வந்துவிட்டது. அதே பக்கிங்ஹாம் கால்வாய்தான், ஆனால் இங்கே அதில் ஆபீசுக்குப் போகிறார்கள். நாம் நம்முடையதைப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொண்டு மேம்பாலத்தில் காத்திருக்கிறோம்.

தண்ணீர் தெறிக்காமலிருக்க ஓரத்தில் பிளாஸ்டிக் திரை. கயிற்றை இழுத்தால் மேலே ஏறும். எதிரே வேறு போட் வந்தது. என் பக்கத்துக் கயிற்றை இழுக்கச் சொல்லிச் சைகை காட்டினார்கள். நான் இழுக்கவேண்டிய கயிற்றை விட்டுவிட்டேன். திரை சடாரென்று இறங்க, கால்வாய் எங்கள் வரிசை முழுவதையும் குளிப்பாட்டியது. முன்னால் இருந்த ஒரு பாட்டி திரும்பி நீளமாக ஏதோ சொன்னார். புனிதா சிரிப்பை அடக்கி மொழிபெயர்த்தாள்: "நீங்க எந்த நாடுன்னு கேக்கறாங்க. அந்த நாட்டுக்கு இனிமே போகமாட்டாங்களாம்."

இப்படியாக நாறிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தோம். ஆஸ்பத்திரி என்றால் நம்புவதற்கு டெட்டால் வாசனை வேண்டாமா? இது கல்யாண மண்டபம்போல இருந்தது. உள்ளேயே நீரூற்று, நாற்காலியெல்லாம் பட்டு. டாக்டர் இளைஞர், பல்லெல்லாம் வெள்ளை. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுப் பேசினார், புனிதா சொன்னாள்.

"தொப்புள்கொடியிலேர்ந்து எடுத்த செல் அங்கிள். கையில டிரிப்ஸ் மாதிரி ஏத்துவாங்க. அது போய் இருதயத்தைச் சரி பண்ணிடுமாம்."

"கைல ஏத்தினா இருதயத்துக்கு எப்டிமா போவும்?" என்றார் மச்சான்.

"அதுக்கு வழி தெரியும்னு சொல்றாங்க."

மச்சான் என் பக்கம் திரும்பினார். "மாப்ள, போன்ல மேப்பு போட்டுனு காசிமேடு வர்றவனே மணலியில போய் நிக்கிறான். இது யார வழி கேக்கும்?"

டாக்டரம்மா சொன்னதை மனதில் வைத்து நானும் ஒன்று கேட்டேன்: போடுகிற செல்லில் எவ்வளவு இருதயத்தில் தங்கும்? டாக்டர் புன்னகையோடு, ஒவ்வொருவர் உடம்பும் ஒவ்வொரு மாதிரி என்றார். புனிதா அதையே திருப்பிக் கேட்டாள். அதே பதில் இன்னும் பெரிய புன்னகையோடு வந்தது. ஊசி நாளை மறுநாள் காலை என்று முடிவாயிற்று.

வெளியே பட்டு நாற்காலியில் ஒரு பெரியவர் சக்கர நாற்காலிக்காகக் காத்திருந்தார். வளைகுடா நாட்டுக்காரர், கொஞ்சம் இந்தி பேசினார். மச்சானுக்கும் இந்திக்கும் சம்பந்தமில்லை. ஆனால் பாதி மெட்ராஸ் பாஷை அங்கிருந்து வந்ததுதானே. பெரியவர் நெஞ்சைத் தொட்டு, மூன்று விரல் காட்டி, "தீஸ்ரா தஃபா" என்றார்.

"மூணாவது தபாவா?" மச்சானின் புருவம் ஏறியது. "நல்லா ஆச்சா பெரியவரே? அச்சா?"

பெரியவர், "இன்ஷா அல்லா, இந்தமுறை" என்றார். பிறகு சக்கர நாற்காலி வந்தது. எழுந்து அதில் உட்காருவதற்குள் அவருக்கு வாங்கிய மூச்சை நாங்கள் இருவரும் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தோம்.

வாசலுக்கு வந்ததும் மச்சான் சொன்னார். "போட்டு இன்ஜின ஒரே மெக்கானிக்கு கிட்ட மூணு தபா எடுத்துனு போனா இன்னா அர்த்தம் மாப்ள?"

"மெக்கானிக்க மாத்தணும்னு அர்த்தம். வேணாம் மச்சான், வா, போயிடலாம்."

"எப்டிப் போறது? பேனரு கட்டிட்டானுங்களேடா." குரல் இறங்கிவிட்டது. "புது இருதயம்னு போட்டுக் கீது. ஊசி கூட போட்டுக்காம ஜகா வாங்கினு வந்துட்டான்னு டில்லியே சொல்லுவான். அந்த மைக்குக்காரப் பையன் வேற கீறான். வேணாம். வர்றது வரட்டும், குத்திக்கலாம்."

டில்லி கேரம் கிளப் தலைவர், பேனர் அவர் ஏற்பாடு. ஒரு பிளாஸ்டிக் பேனருக்குப் பயந்து ஒரு மனிதன் தன் ரத்தத்தில் என்னவென்றே தெரியாத ஒன்றை ஏற்றிக்கொள்ளப் போகிறான். நான் என்ன சொல்லியும் கேட்கவில்லை. உங்கள் அத்தைக்கு நான் என்ன பதில் சொல்வது என்பதே எனக்குப் பெரிய கவலையாகிவிட்டது.

மூன்றாம் நாள் காலை வேலையில்லை. துறைமுகத்தை ஒட்டி க்ளாங் தோய் என்று ஒரு சந்தை. எனக்குக் கன்டெய்னர் பெட்டி பார்க்க ஆசை, மச்சானுக்கு மீன் பார்க்க ஆசை. வழியில் டிரெய்லர் வரிசை நின்றது. ஒரு டிரைவர் சக்கரத்து நிழலில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தான். நான் கைகாட்டினேன், அவனும் காட்டினான். வரிசையில் நிற்கிறவனை இன்னொரு வரிசைக்காரனுக்குத் தெரியும்.

சந்தையில் மீன்மேல் ஈ உட்காராமல் இருக்க மோட்டாரில் பிளாஸ்டிக் நாடா சுற்றிக்கொண்டிருந்தது. மச்சான் அதையே வெகுநேரம் பார்த்தார். தவளை உரித்து அடுக்கியிருந்ததைப் பார்த்து, "கலீஜ்" என்று முகத்தைத் திருப்பினார். பிறகு ஒரு வஞ்சிரம் கண்ணில் பட்டது. நல்ல மீன், கண் கண்ணாடி மாதிரி. மனிதர் தன்னை மறந்துவிட்டார். கையைத் தூக்கி, காசிமேட்டில் நிற்பதாகவே நினைத்து, "வஞ்சிரோம்ம்..." என்று ஆரம்பித்தார்.

சந்தை திரும்பிப் பார்த்தது. விலை வரவில்லை. தொண்டை திறந்திருக்கிறது, காற்று இல்லை. மீன்காரப் பெண் சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டு, தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலை அவருக்குத் தள்ளினாள். மச்சான் உட்கார்ந்து ஈ ஓட்டும் நாடாவைப் பார்த்தபடி சொன்னார்: "பாத்தியா மாப்ள. குத்திக்கத்தான் வேணும்."

அப்போது என் போன் அடித்தது. உங்கள் அம்மா. எடுத்ததும் அழுகை.

"எங்க அண்ணனுக்கு இன்னாச்சி? ஏன் எங்கிட்ட மறைச்சே?"

"எதிர்ல குந்தினு கீறாரு. மீன் பாக்கறாரு."

அழுகை நின்றது. "அப்ப இங்க யாருக்கு மோளம் அடிக்கிறாங்க?"

நடந்தது இதுதான். டில்லிக்குத் திடீரென்று பாசம் பொங்கியிருக்கிறது. அண்ணன் நல்லபடியாக வரவேண்டும் என்று ஆளுயர சம்பங்கி மாலை வாங்கி, ஏணி வைத்து ஏறி, பேனரில் மச்சான் படத்துக்குப் போட்டுவிட்டார். நம் ஊரில் படத்துக்கு மாலை போட்டால் என்ன அர்த்தம் என்று பால்வாடிக் குழந்தைக்குக்கூடத் தெரியும். டில்லிக்கு மட்டும் தெரியவில்லை. அவர் டீ குடித்துவிட்டு வருவதற்குள் அடியில் இன்னும் சில மாலைகள்; அதைப் பார்த்து அவரே நம்பிவிட்டார். எர்ணாவூரிலிருந்து உறவுக்காரர்கள் ஷேர் ஆட்டோவில் வந்துவிட்டார்கள். மேளக்காரர்களுக்கு யார் சொன்னார்கள் என்று இதுவரை தெரியாது.

உங்கள் அத்தை மட்டும் அழவில்லை. காலையில்தான் மச்சானோடு போனில் பேசியிருந்தார். "அவரு உசுரோட கீறாருய்யா!" என்று அவர் கத்தக் கத்த, "பாவம், அதிர்ச்சி, எதையோ பேசுது" என்று நாலு பேர் பிடித்து உட்காரவைத்துச் சோடா கொடுத்திருக்கிறார்கள்.

நான் டில்லிக்கு வீடியோ கால் போட்டேன். சத்தத்தில் அவருக்கு நான் பேசுவது கேட்கவில்லை; போனை அப்படியே கூட்டத்துக்குத் திருப்பினார். மேளம், விசில், நடுவில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு கானா பாடுகிறார். மச்சான் என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, தன் சாவைத் தானே பார்த்தார்.

"வஞ்சிரத்துக்கு வெல சொன்ன வாயி எங்கடா
வவ்வாலு மீனு தேடுது நீ போன எடம் எங்கடா
ஸ்ட்ரைக்கரத் தள்ளிவச்சு ஜெயிச்சவனேடா – எங்க
செவப்புக் காயத் தூக்கிக்கினு போயிட்டியேடா..."

"எவன்டா அவன்!" மச்சான் எழுந்து நின்றார். "நான் எப்படா ஸ்ட்ரைக்கரத் தள்ளினேன்? பேமானி, அது உன் தம்பிடா!"

பாட்டு நின்றது. மேளம் நின்றது. ஒரு பெண் 'ஐயோ' என்று போட்ட சத்தம் போனைக் கிழித்தது. பிறகு டில்லியின் முகம், மிக அருகில்.

"அண்ணே! அண்ணே, நீயா?"

"இல்ல, ஆவி. கலர் குடிச்சினு கீறேன். மாலைய கழட்டுடா, கஸ்மாலம்."

"கழட்டிடறேண்ணே. அண்ணே, ஒனக்கோசரம் இன்னிக்கு ஏலமே நடக்கல. போட்டெல்லாம் வந்துடுச்சி, மீனு ஐஸ்ல கீது. ஒருத்தனும் வெல சொல்லல."

மச்சானின் முகம் மாறியது. "அந்த மைக்குக்காரன்?"

"அவனத்தான் நிக்கச் சொன்னாங்க. உன் எடத்துல நிக்கமாட்டேன்ட்டான். சோடா வாங்கினு வந்ததே அவன்தான்."

மச்சான் போனை என்னிடம் கொடுத்துவிட்டு மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தார். மீன்காரப் பெண் ஏதோ துக்கச் செய்தி என்று நினைத்து ஒரு கிண்ணத்தில் மாம்பழமும் தேங்காய்ப்பால் ஊற்றிய, கையில் ஒட்டுகிற சோறும் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். அவர் முழுவதையும் தின்றார். உப்பே இல்லை என்று குறை சொல்லவில்லை.

பிறகு சிரிக்க ஆரம்பித்தார். மூச்சு வாங்கியது, நிறுத்தினார், மறுபடி சிரித்தார்.

"மாப்ள, செத்தவனுக்கு இன்னாத்துக்குப் புது இருதயம்? பழசோட போய் நின்னாலே அல்லாரும் மெர்சலாயிடுவானுங்க. டிக்கெட்ட மாத்து."

மருத்துவமனைக்குப் புனிதாதான் போன் செய்து சொன்னாள். அங்கே மறுபடி மறுபடி காரணம் கேட்டார்கள். நோயாளிக்கு ஊரில் காரியம் நடந்துவிட்டது என்று உள்ளதைச் சொல்லிவிட்டாள். எங்களிடம், "அங்கிள், என் வேலை மொழி மாத்தறது மட்டும்தான். ஆனா எங்கப்பாவா இருந்தா நான் நேத்தே கூட்டிட்டுப் போயிருப்பேன்" என்றாள். விமான நிலையம்வரை வந்து வழியனுப்பினாள்.

தெருமுனையில் நாங்கள் இறங்கியபோது அதே மேளக்காரர்கள் அடித்தார்கள். மச்சானைத் தொட்டுப் பார்க்க வரிசை நின்றது. புது இருதயம் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. டில்லி மட்டும் அத்தை கண்ணில் படாமல் கேரம் கிளப்புக்குள்ளேயே இருந்தார்.

டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தார். பிறகு சிரிக்காமல் மாத்திரையை மாற்றி எழுதினார். மச்சான் இப்போது கடற்கரைச் சாலையில் காலையில் நடக்கிறார். மூச்சு கொஞ்சம் தேவலை. பழையபடி ஆகவில்லை, ஆகும் என்று டாக்டரம்மாவும் சொல்லவில்லை. அந்த இருதயத் தழும்பு அப்படியேதான் இருக்கிறது. அதைச் சரி செய்யும் வித்தையை உங்களில் ஒருவர் கண்டுபிடித்தால், முதலில் எவ்வளவு தங்கும் என்று நேராகப் பதில் சொல்லுங்கள். பல்லைக் காட்டாதீர்கள்.

போன வாரம் லோடு இறக்கிவிட்டு ஏலத்தைப் பார்க்கப் போனேன். மச்சான் கவிழ்த்துப் போட்ட மீன் கூடையின்மேல் உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேலே வெயிலுக்கு அந்த பேனரைத்தான் இழுத்துக் கட்டியிருந்தார்கள். பூ வளையமும் கைகூப்பிய முகமும் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்க, அதன்மேல் காக்கை நடந்தது. மைக்குக்காரப் பையன் மைக்கை நீட்டினான். மச்சான் தள்ளிவிட்டார். வஞ்சிரத்தைப் பார்த்தார், பக்கத்தில் இருப்பவனிடம் பேசுவதுபோல் விலை சொன்னார்.

அவ்வளவு கூட்டமும் அதைக் கேட்பதற்காக வாயை மூடிக்கொண்டு நின்றது.